நீல மூடி டப்பா

மூன்று பக்கம் கடலும் நாலாம் பக்கம் ஒப்புக்குக் கொஞ்சம் தரையுமாகக் கிடக்கிற காதிஸ் என்னும் ஸ்பெயின் தேசத்து ஊரில், மீன்காரர்கள் தெருவில், பழைய கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தாள் எங்கள் சேர்மக்கனி. அரை வருடப் படிப்பு முடிந்து ஊர் திரும்ப இன்னும் மூன்று வாரமும் மூன்று நாளும் இருந்தபோது, கீழ்வீட்டு மிலாக்ரோஸ் கொடுத்த கொண்டைக்கடலைக் குழம்பை ஒரு கடலை மிச்சமில்லாமல் வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவித் திரும்பிப் பார்த்தாள். டப்பா மறுபடி விளிம்புவரை நிறைந்திருந்தது. நாம்தான் சரியாகச் சாப்பிடவில்லை போலிருக்கிறது என்று உட்கார்ந்து இன்னொரு தடவை சாப்பிட்டாள். அப்போதும் நிறைந்தது. வயிறு இடம் கொடுக்காததால் மூடிவைத்துவிட்டுப் பரீட்சைக்குப் படிக்கப் போனாள்.

நான் சேர்மக்கனியின் பெரியம்மா மகள். ஆறுமுகநேரியில் ஸ்டேஷனுக்குப் போகிற தெருவில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். ஊரில் நடப்பதில் பாதி, என் மெஷினுக்கு முன்னால் கிடக்கும் ஸ்டூலில் வந்து உட்கார்ந்த பிறகுதான் கதையாகும். இந்தக் கதையும் அந்த ஸ்டூலில்தான் இறங்கியது. மிலாக்ரோஸ் பேசியதெல்லாம் ஸ்பானிஷ். ஆனால் சேர்மக்கனி என்னிடம் சொன்னபோது அவளை எங்கள் ஊர்ப் பேச்சே பேசவைத்துவிட்டாள். கேட்க நன்றாக இருந்தது, அதனால் நானும் மாற்றப் போவதில்லை.

முதலில் டப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு லிட்டர் வனிலா ஐஸ்கிரீம் வந்த டப்பா, நீல மூடி. உலகத்தில் எங்கே போனாலும் ஐஸ்கிரீம் டப்பாவில் ஐஸ்கிரீம் இருப்பது முதல் நாள் மட்டும்தான் போலிருக்கிறது. எங்கள் வீடுகளில் அதில் இட்லி மாவு இருக்கும், கருவாடு இருக்கும், ஊசி நூல்கூட இருக்கும். மிலாக்ரோஸ் வீட்டில் அதில் குழம்பு இருந்தது.

சேர்மக்கனி போய் இறங்கிய மாதத்தில் மழையும் காற்றுமாக அடித்து, பத்தாம் நாளே காய்ச்சலில் படுத்துவிட்டாள். இருமல் சத்தம் கேட்டு மேலே வந்தவள்தான் மிலாக்ரோஸ். அறுபத்திரண்டு வயது, மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், நாலு தெருவுக்குக் கேட்கிற குரல். யார் எவர் என்று விசாரிக்காமல் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள், கீழே போனாள், நீல மூடி டப்பாவில் பயற்றுக் கஞ்சியோடு வந்தாள், மூன்று நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணி மாற்றிப் போட்டாள். ஒரு பைசா உறவில்லை, பாஷை புரியாது, பெயரை உச்சரிக்கவும் வராது. கனி என்று மட்டும் சொல்லிக்கொண்டாள். அந்த மூன்று நாளும் இங்கே என் சித்தி சொர்ணக்கிளி, சேர்மக்கனியின் அம்மா, போனைக் கையில் பிடித்துக்கொண்டு என் மெஷின் முன்னால்தான் அழுதுகொண்டிருந்தாள்.

காய்ச்சல் விட்டது. டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். சேர்மக்கனி ஊரிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலைக் கிளறிச் சோறாக்கி டப்பாவை நிறைத்துக் கொடுத்தாள். மிலாக்ரோஸுக்கு இந்த வழக்கம் தெரியாது. நேற்று வந்த பெண் தனக்கே சோறு போட்டுவிட்டாளே என்று அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே வினிகரில் ஊறிய நெத்திலியைக் கொடுத்தாள். அதற்கு எலுமிச்சம்பழச் சோறு போனது. அதற்கு உருளைக்கிழங்கு முட்டை அடை வந்தது. அதற்கு உளுந்தங்களி போனது. இப்படி அந்த டப்பா ஒருநாளும் வெறுமையாக இல்லாமல் படிக்கட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக நாலு மாதம் ஓடிவிட்டது, இரண்டு பேருமே தோற்க மனசில்லாதவர்கள்.

இடையில் சேர்மக்கனி ஒன்றைக் கவனித்தாள். கட்டடத்துக்கு நடுவே காற்றுக்காக விட்டிருக்கும் முற்றக் கிணறு போன்ற வெளியில் எல்லா வீட்டு அடுப்படி ஜன்னலும் திறக்கும். மேலிருந்து பார்த்தால் மிலாக்ரோஸ் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிடுவது தெரியும். புருஷன் இல்லை, மகள் ரோசியோ ஜெர்மனியில் வேலையாக இருக்கிறாள். வீட்டில் நாலு நாற்காலி உண்டு, நாலிலும் துணி மடித்து வைத்திருக்கும். ஏன் நின்றுகொண்டே சாப்பிடுகிறாய் என்று கேட்டதற்கு, உட்கார்ந்தால் எதிர் நாற்காலியைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றாள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் மேலே வந்து, சேர்மக்கனியின் ஒரே நாற்காலியில் அவள் உட்கார, இவள் கட்டிலில் உட்கார, இருவரும் சேர்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். சேர்மக்கனி அவளை அத்தை என்றே கூப்பிட்டாள், அதற்கு என்ன அர்த்தம் என்று அவளும் கேட்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் எதற்கெடுத்தாலும் நன்றி சொல்வார்கள். பஸ்ஸில் ஏறினால் நன்றி, ரொட்டி வாங்கினால் நன்றி, தும்மினால்கூட ஏதோ சொல்லி அதற்கும் நன்றி. சேர்மக்கனியும் பழகிக்கொண்டு வாய் ஓயாமல் சொன்னாள். மிலாக்ரோஸுக்கும் காய்ச்சலில் கிடந்த நாட்களில் சொன்னாள். அப்புறம் எப்போது விட்டுப்போனது என்று அவளுக்கே தெரியாது.

ஜூன் மூன்றாம் தேதி டிக்கெட் உறுதியானது. படிக்கட்டில் மிலாக்ரோஸைப் பார்த்து, இருபத்தேழாம் தேதி காலை ரயில் அத்தை, அப்புறம் விமானம், மறுநாள் சென்னை போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று சந்தோஷமாகச் சொன்னாள். மிலாக்ரோஸ் சட்டென்று திரும்பினாள். உள்ளே போனாள், அடுப்பில் இருந்த கடலைக் குழம்பை அப்படியே டப்பாவில் ஊற்றி, நீல மூடியை அழுத்தி மூடி, கொண்டுவந்து கையில் கொடுத்து, "தின்னு" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த டப்பாதான் தீராமல் போனது.

மூன்றாம் நாள் சேர்மக்கனி அம்மாவுக்குப் போன் போட்டாள். சித்தி ஆச்சரியப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

"நல்லா வழிச்சுப் பாத்தியாட்டி?"

"வழிச்சாச்சும்மா. திரும்பத் திரும்ப ரொம்புது."

"வேற சட்டியில கவுத்திட்டுக் கழுவு."

"கவுத்திட்டேன். கழுவித் தொடச்சும் வச்சேன். கண்ணு கொட்டாம பாத்துக்கிட்டே நின்னேன். ஒரு தடவ கண்ணு கொட்டிட்டு, அதுக்குள்ள ரொம்பிட்டு. இப்ப சட்டி நெறயவும் கடல."

"அப்ப என்னட்டி செய்வ? காலியாவாம எப்படிக் கழுவுவ? கழுவாம நம்ம பண்டத்த எப்படிப் போடுவ? போடாம எப்படித் திருப்பிக் குடுப்ப? குடுக்காம எப்படி ஊருக்கு வருவ? காச்சல்ல பாத்துக்கிட்டவ டப்பாவ சுருட்டிட்டு வந்துட்டான்னு நாலு பேரு பேச மாட்டாவளா?"

"அவங்க குடுத்தத அப்படியே குடுத்துரட்டாம்மா?"

"நல்லா குடுத்த போ! அவ பண்டத்த அவகிட்டயே நீட்டுனா, ஒம் பண்டம் வேண்டாம்னு மூஞ்சில எறிஞ்ச மாதிரி ஆயிராது? தின்னு தீத்துட்டு வா."

தனியாளாகத் தின்று தீர்க்கிற விஷயமா அது? அதனால் அது கட்டடத்துக்குத் தெரிந்தது. அந்த ஊர்க் கட்டடங்களில் குடியிருப்போர் சங்கம் என்று ஒன்று உண்டு, தலைவர் உண்டு, கூட்டம் போட்டு நோட்டில் எழுதுவார்கள். எங்கள் கதைக் கட்டடத்துத் தலைவர் டோன் ஃபெர்மீன் என்கிற ஓய்வுபெற்ற தபால்காரர். கீழ் வாசலில் கூட்டம் நடந்தது. முதல் விஷயம் லிஃப்ட் ரிப்பேர், அது எட்டு வருடமாக முதல் விஷயம். இரண்டாவது, மொட்டை மாடியில் புறா எச்சம். மூன்றாவது, மாடி அறைப் பெண்ணின் டப்பா தீரவில்லை. யாரும் வாயைப் பிளக்கவில்லை. எங்களுக்கு மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று எப்படியோ அப்படி அவர்களுக்கு லெவாந்தே என்று ஒரு கிழக்குக் காற்று இருக்கிறது. தலைவலி வந்தாலும், கல்யாணம் நின்றாலும், பால் திரிந்தாலும் பழி அதன் மேல்தான். லெவாந்தே அடிக்கிறது, வேறென்ன, என்று சொல்லிவிட்டு, யார் என்றைக்கு வருவது என்று முறை போட்டுக்கொண்டார்கள். தினம் மதியம் இரண்டரை மணி, ரொட்டியும் தட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும், தட்டை அவரவரே கழுவிக்கொள்ள வேண்டும். டோன் ஃபெர்மீன் அதை நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அப்படித்தான் அந்த மூன்று வாரமும் எங்கள் சேர்மக்கனியின் அறை ஒரு கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி ஆகிவிட்டது. கட்டிலில் ஐந்து பேர், ஜன்னல் திண்டில் இரண்டு பேர், பெட்டி மேல் ஒருவர், நாற்காலியில் டோன் ஃபெர்மீன். கீழே முடிவெட்டும் கடைக்காரர் இன்னும் கொஞ்சம் வினிகர் இருந்தால் தேவலை என்று தினமும் சொன்னார், தினமும் இரண்டு தட்டு சாப்பிட்டார். மாதா கோயில் பாதிரியார் ஒருவர் விஷயம் கேள்விப்பட்டு வந்து, நெற்றியிலும் தோளிலும் சிலுவை போட்டு, ஒரு வாய் சாப்பிட்டு, சீரகம் வறுத்துப் போட்டதா வறுக்காமலா என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். சேர்மக்கனிக்குக் கடல் பாசிகளைப் பற்றிப் பாடம் எடுத்த பேராசிரியை தட்டோடு வந்தாள், டப்பாவை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள், அளக்க வேண்டும் போலிருக்கிறது என்றாள், ஆனால் சாப்பிட்டதும் தூக்கம் வந்துவிட்டது. இரண்டாம் வாரத்தில், முதல் மாடிக்காரி, அற்புதம் சரிதான், தினம் கடலைதானா, ஒருநாளாவது இதில் மீன் வரக் கூடாதா என்று முணுமுணுத்தாள். மறுநாளும் முதல் ஆளாக வந்தாள்.

சேர்மக்கனி இடையிடையே பரீட்சையும் எழுதினாள். யாரோ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவளிடம் கேள்வி கேட்டார்கள், யாரோ உச்சரிப்பைத் திருத்தினார்கள். வந்த புதிதில் பத்து நாள் யாரோடும் பேச ஆளில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு தயிர்ச்சோறு தின்ற பெண் அவள். இப்போது அறையில் நிற்க இடமில்லை. எனக்கு அப்போது எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமாக்கா, செத்தாலும் மறக்க மாட்டேன் என்று ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னாள். சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எல்லோரும் வந்தார்கள். மிலாக்ரோஸ் மட்டும் வரவில்லை.

சேர்மக்கனி கீழே போய்க் கதவைத் தட்டுவாள். உள்ளே ரேடியோ பாடும், கதவு திறக்காது. மார்க்கெட்டுக்குப் போய் மீன் பலகைக்கு முன்னால் நிற்பாள். மிலாக்ரோஸ் அவள் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு, அயலை அயலை என்று கூவிக்கொண்டேயிருப்பாள், இவள் நகர்ந்து போகிறவரை ஒரு மூச்சு நிறுத்த மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சேர்மக்கனி தன் நாற்காலியை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாள், அது வெறுமையாகவே கிடந்தது. மேலிருந்து பார்த்தால், அத்தை தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சாப்பிடுவது தெரிந்தது. டப்பாவுக்கு அவசரமில்லையென்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள் என்று டோன் ஃபெர்மீனிடம் சொல்லியனுப்பினாள். அவர் தபால்காரர் இல்லையா, அதை ஒரு எழுத்து மாறாமல் வந்து சொன்னார்.

நாள் ஓடிவிட்டது. இருபத்தைந்து வந்தது, இருபத்தாறும் வந்துவிட்டது. டப்பா தீர்ந்து, கழுவி, நம் பண்டத்தைப் போட்டு, அத்தை கையில் கொடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது என்று அவள் நினைத்திருந்தது ஒன்றும் நடக்கவில்லை. விட்டுவிட்டுப் போனால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் தலையில் ஈரத்துணி போட்ட கையைப் பார்க்காமல் ரயில் ஏறுவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று மதியம் பந்தியும் கிடையாது. மறுநாள் பயணம் என்று எல்லோரும் அவளைப் பெட்டி கட்ட விட்டிருந்தார்கள். லெவாந்தே பேயாக அடித்ததால் கட்டடம் முழுக்கத் தெருப்பக்க ஜன்னல்களைச் சாத்திவிட்டு, முற்றத்துப் பக்க ஜன்னல்களை மட்டும் திறந்துவைத்திருந்தார்கள். சேர்மக்கனி அடுப்படி அலமாரியைக் காலி செய்தாள். ஊரிலிருந்து கொண்டுபோனதில் மிச்சம் இருந்தவை, பாட்டில் அடியில் கொஞ்சம் நல்லெண்ணெய், ஒரு கை கடுகு, காய்ந்துபோன கருவேப்பிலை, பதினோரு மிளகாய் வத்தல். அவற்றைக் குப்பையில் போடக் கை வரவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றாள், டப்பாவைப் பார்த்தாள். காலி செய்ய முடியாவிட்டால் என்ன, தாளிக்கலாமே என்று அப்போதுதான் தோன்றியது.

சட்டியை வைத்தாள். எண்ணெய் காய்ந்தது, கடுகு வெடித்தது, கருவேப்பிலை பொரிந்தது. பதினோரு வத்தலையும் ஒரே நேரத்தில் கிள்ளிப் போட்டாள். எங்கள் ஊரில் வத்தல் வறுக்கும்போது வாசல் கதவைத் திறந்துவைத்து, பக்கத்து வீட்டுக்கும் ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் வறுப்போம். ஆனால் அவசரம். வத்தல் கறுத்து நெடி கிளம்பியது. தெருப்பக்கம் போக வழியில்லாமல் அடுப்படி ஜன்னல் வழியாக முற்றத்தில் இறங்கி, திறந்திருந்த ஒவ்வொரு ஜன்னலிலும் முறை தவறாமல் நுழைந்தது. முதல் மாடிக்காரி இருமினாள். டோன் ஃபெர்மீன் கண்ணில் நீர் வழிய மூக்குக் கண்ணாடியைத் தேடினார். கீழே முடிவெட்டுக் கடையில் பாதி மீசை வழித்த ஆளும் கத்தியோடு கடைக்காரரும் தெருவுக்கு ஓடினார்கள். அறைக்கதவு படாரென்று திறந்தது. இடுப்பில் கட்டிய ஏப்ரன் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, நின்றுகொண்டிருந்தது மிலாக்ரோஸ்.

"கட்டடத்தையே கொல்லப் பாக்கியாட்டி? என்ன எழவுட்டி இது?"

சேர்மக்கனி அடுப்பை அணைத்தாள். தாளிசத்தை அப்படியே டப்பாவில் கொட்டினாள். சொய்யென்றது. கரண்டியால் ஒரு கிளறு கிளறி, நீல மூடியைப் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இந்தாங்க அத்த. டப்பா."

"எதுக்குட்டி இதத் தூக்கிட்டே அலையுத? நான் கேட்டனா?"

"திருப்பிக் குடுக்காம நான் எப்படிப் போவேன்?"

"போவாதேன்னுதான்!"

சொன்ன பிறகு மிலாக்ரோஸுக்கே அது கேட்டது. இருமல் நின்று, கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ரோசியோ வருசத்துக்கு ஒருக்க வருவா. போவும்போது டப்பா ரொப்பிக் குடுப்பேன். அடுத்த தடவ வரும்போது கழுவித் தொடச்சு எலுமிச்ச சோப்பு மணக்கக் கொண்டாந்து வச்சிருவா. நல்ல பிள்ள, கொற சொல்லல. என் அலமாரியில பத்தொம்பது வெறும் டப்பா இருக்கு. இதயும் அதுல வச்சு மூடச் சொல்லுதியா? அதுவும் நீ... பஸ்காரனுக்கு நன்றி சொல்லுத, ரொட்டிக்காரிக்குச் சொல்லுத, அந்தக் கெழட்டுத் தபால்காரனுக்குத் தெனம் சொல்லுத. எனக்கு? நாலு மாசத்துல ஒரு வார்த்த சொன்னியாட்டி?"

சேர்மக்கனி யோசித்துப் பார்த்தாள். ஆமாம், காய்ச்சலுக்குப் பிறகு சொன்னதேயில்லை.

"எங்க ஊர்ல எங்கம்மாக்கு நான் நன்றி சொன்னதில்ல அத்த. சொன்னா, நான் யாரோன்னு நெனச்சியான்னு அடிப்பா. அன்னியாளுக்குத்தான் சொல்லுவோம். காச்சல் விட்ட அன்னைக்கே ஒங்களுக்குச் சொல்லுறது நின்னு போச்சு. எனக்கே தெரியாம நின்னு போச்சு."

மிலாக்ரோஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏப்ரன் துணியில் மூக்கைச் சிந்தினாள், நெடியினால்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

"தொறந்து பாருங்க," என்றாள் சேர்மக்கனி.

திறந்தாள். கரண்டியால் எடுத்து ஒரு வாய் வைத்தாள். கண்ணில் மறுபடி நீர் வந்தது, இந்தத் தடவை வத்தல்தான்.

"இது நான் குடுத்தது இல்ல."

"இல்ல. இப்ப இது என்னது."

"அப்ப முறை?"

"முறை இப்ப ஒங்களுது."

நாலு மாதமாக அந்த முறையிலேயே வாழ்ந்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஓ என்று ஒரு சிரிப்புச் சிரித்தாள், இருமலும் சிரிப்புமாக முற்றம் முழுக்கக் கேட்டது. தட்டை எடுத்துக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். இவள் கட்டிலில் உட்கார்ந்தாள். இருவரும் சாப்பிட்டு முடிக்க, டப்பா நிறைந்தது, இப்போது கருவேப்பிலையோடும் கடுகோடும் நிறைந்தது. சாயங்காலம் மிலாக்ரோஸ் அதைக் கீழே கொண்டுபோய்த் தன் வீட்டு மேஜையில் வைத்து, நாலு நாற்காலியிலிருந்தும் துணியை எடுத்துக் கட்டிலில் போட்டாள். நாளையிலிருந்து பந்தி இரண்டாம் மாடி இடது பக்கம் என்று டோன் ஃபெர்மீன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குக் கட்டடமே வந்தது, மிலாக்ரோஸும் வந்தாள். சொந்த மகளை வழியனுப்பக்கூட அவள் ஸ்டேஷனுக்குப் போனதில்லையாம். ரயில் நகர்ந்தபோது எல்லோரும் கையை ஆட்டினார்கள், அவள் ஆட்டவில்லை. இரண்டு கையாலும் டப்பாவைப் பிடித்திருந்தாள்.

இதெல்லாம் சேர்மக்கனி சொல்லி நான் கேட்டது. இனி வருவது நானே பார்த்தது.

தை மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, செந்தூர் எக்ஸ்பிரஸ் வந்து போனதும், ஸ்டேஷன் பக்கமிருந்து ஒரு வெள்ளைக்காரம்மா வியர்த்து விறுவிறுத்து எங்கள் தெருவில் நடந்து வந்தாள். முதுகில் ஒரு பை, நெஞ்சோடு அணைத்து நீல மூடி டப்பா. சேர்மக்கனி சென்னையிலிருந்து முந்தின நாளே வந்திருந்தவள், ஸ்டேஷனிலிருந்து கூட ஓடி வந்தாள், அவளுடைய பெட்டியைத் தூக்க முடியாமல். விமான நிலையத்தில் டப்பாவைத் திறந்து பார்த்த அதிகாரி கொட்டிவிடச் சொன்னாராம். கொட்டினாளாம். அது நிறைந்ததாம். மறுபடி கொட்டச் சொன்னாராம். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனதால் போம்மா என்று விட்டுவிட்டாராம்.

எங்கள் தெருவும் வாயைப் பிளக்கவில்லை. உப்பளத்து வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு எது நடந்தாலும் மதியச் சாப்பாட்டுக்கு என்ன என்பதுதான் கேள்வி. தட்டை எடுத்துக்கொண்டு வந்தார்கள். என் மெஷினை ஓரமாகத் தள்ளிப் பாய் விரித்தோம். சித்தி முதல் வாய் போட்டுப் பார்த்துவிட்டு, மகளுக்கு அத்தையென்றால் தனக்கு அண்ணி என்கிற முறையில், "உப்பு கொஞ்சம் கம்மி மைனி" என்றாள், சேர்மக்கனி அதை மொழிபெயர்த்துச் சொன்னாள், மிலாக்ரோஸுக்கு ரோஷம் வந்து முகம் சிவந்தது, தெருவே சிரித்தது. ஒரு கை உப்பு போட்டுக் கிளறினோம். மிலாக்ரோஸ் என் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். எதிரில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

நாலு மணிவாக்கில் கரண்டி அடியில் தட்டியது. எட்டிப் பார்த்தோம், டப்பாவின் வெள்ளை அடி தெரிந்தது. கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தோம், நிறையவில்லை. சித்தி அதை எடுத்துக்கொண்டுபோய் அடி பம்பில் கழுவி, சேலைத் தலைப்பால் துடைத்து, சுவரோரம் கவிழ்த்து வைத்தாள். நான் மிலாக்ரோஸின் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்த பெண், கழுவிக் கவிழ்த்த அந்த டப்பாவைப் பார்த்ததும் சட்டென்று வாடிப்போனாள். ஸ்டூலை விட்டு எழுந்து நின்றுகொண்டாள்.

சித்திக்குப் பத்தொன்பது டப்பாக் கதை தெரியும். அவள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"ஏட்டி கனி, மைனிகிட்ட கேளு, போவும்போது கருப்பட்டி போட்டுத் தரவா, கருவாடு போட்டுத் தரவா? வெறும் டப்பாவ யாரும் குடுப்பாவளா?"

சேர்மக்கனி சொன்னாள். மிலாக்ரோஸ் கேட்டாள், சித்தியைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். நன்றி சொல்ல வாயெடுத்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அவள் புறப்பட இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கருப்பட்டியா கருவாடா என்று தெருவில் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.